ஒருத்தர் டவுன்லோடு செய்ததற்குக் கல்லூரிக்கே இ-ஜர்னல் பிளாக். இனி எப்படிக் கட்டுப்படுத்துவது?

கொங்கு நூலகர்:

எல்லோருக்கும் வணக்கம். ஈரோடு பக்கம் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். எங்கள் சீனியர் வேலையை விட்டுப் போனதிலிருந்து இ-ஜர்னல் (ஆன்லைன் ஆய்விதழ்) பொறுப்பும் என் தலையில்தான்.

திங்கட்கிழமை காலை எம்.இ. மாணவி ஒருவர் வந்து, எந்தப் பேப்பரும் திறக்கவில்லை என்றார். நான் போய்ப் பார்த்தால், 'உங்கள் நிறுவனத்துக்கான அணுகல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று ஒரு பக்கம் வந்து நிற்கிறது. பப்ளிஷரின் ஏஜெண்டுக்குப் போன் போட்ட பிறகுதான் மெயில் அனுப்பியிருக்கிறார்கள் என்றே தெரிந்தது. போனது சீனியரின் பழைய ஐடிக்கு. மறுபடி அனுப்பச் சொல்லி வாங்கினேன். ஞாயிறு 19:42 முதல் 20:31 வரை எங்கள் ஐபியிலிருந்து (இணையத்தில் கல்லூரியை அடையாளம் காட்டும் எண்) 410 பிடிஎஃப் இறங்கியிருக்கிறதாம். ஒப்பந்தத்துக்கு விரோதமான மொத்த டவுன்லோடு, விசாரித்துப் பதில் எழுதும்வரை திறக்க மாட்டோம் என்கிறார்கள்.

எங்களுக்கு வெளியே தெரிவது ஒரே ஒரு ஐபி. லேப், ஹாஸ்டல் வைஃபை, ஸ்டாஃப் ரூம், ஆபீஸ் எல்லாம் அதன் வழியாகத்தான் போகிறது. ஞாயிறு ராத்திரி எட்டரை வரை சிஎஸ்இ லேப் ஒரு புராஜெக்ட்டுக்காகத் திறந்திருந்தது. அதனால் அந்த லேபில் இருந்த பசங்களை வரிசையாகக் கூப்பிட்டு விசாரணை நடக்கிறது. யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

பிரின்சிபால் சொல்வது இது. ஆளைப் பிடித்துப் பெயரைப் பப்ளிஷருக்கு அனுப்ப வேண்டும். இனிமேல் நூலகத்தில் இருக்கும் 20 சிஸ்டத்தில் மட்டும்தான் ஜர்னல் திறக்க வேண்டும். வீட்டிலிருந்து பார்ப்பதற்கு ஒரு பொது யூசர் நேம், பாஸ்வேர்டு போட்டு ஒவ்வொரு டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டிலும் ஒட்டிவிட வேண்டும். கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் டீம் வரப்போகிறது, ரிமோட் ஆக்ஸஸ் இருக்கிறது என்று காட்டியாக வேண்டுமாம்.

இதற்கு நடுவில், படித்து முடித்துப் போன பசங்களும் ஆக்ஸஸ் கேட்கிறார்கள். பக்கத்து பாலிடெக்னிக் விரிவுரையாளர் ஒருவர் சனிக்கிழமை தோறும் வந்து பேப்பர் படித்துப் போவார், அவரையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

சர்வர் ரூம்:

ஃபயர்வாலில் கேப்டிவ் போர்ட்டல் இருக்கிறதா? அதாவது வைஃபையில் நுழையும்போது ஒவ்வொருவரும் ரோல் நம்பர் போட்டு லாகின் ஆகிறார்களா? ஆகிறார்கள் என்றால், பப்ளிஷர் சர்வரின் முகவரியையும் அந்த நேரத்தையும் வைத்து லாகில் (யார் எப்போது எந்தத் தளத்துக்குப் போனார் என்ற பதிவில்) தேடினால் பத்து நிமிட வேலை. லாக் எத்தனை நாள் நிற்கிறது என்று உங்கள் நெட்வொர்க் ஆளிடம் இன்றைக்கே கேளுங்கள். பல கல்லூரிகளில் டிஸ்க் நிறைந்தால் பழையது தானாக அழிந்துவிடும் செட்டிங்தான் இருக்கும். 180 நாள் லாக் வைக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டது. அதைக் காட்டினால் டிஸ்க் வாங்க மேனேஜ்மென்ட்டில் கையெழுத்துப் போடுவார்கள்.

நோட்டீஸ் போர்டில் பாஸ்வேர்டு மட்டும் வேண்டவே வேண்டாம்.

பழைய கேட்லாக் கார்டு:

தம்பி, முதலில் அந்த லேப் பசங்களை விடச் சொல்லுங்கள். மெயிலில் 19:42 என்று இருக்கிறதே, பக்கத்தில் ஜிஎம்டி அல்லது யுடிசி (உலகப் பொது நேரம்) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான பப்ளிஷர்கள் அந்தக் கணக்கில்தான் அனுப்புவார்கள். அப்படியானால் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். திங்கள் அதிகாலை 1:12 முதல் 2:01 வரை. அந்த நேரத்தில் உங்கள் லேபில் வாட்ச்மேன் கூட விழித்திருக்க மாட்டார். தேட வேண்டியது ஹாஸ்டலில்.

ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இ-ரிசோர்ஸ் பிரிவைப் பல வருடம் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், இந்த மாதிரி மெயில் வந்தவுடன் எல்லோரும் திருடனைத் தேடுவார்கள். கடைசியில் கிடைப்பது பெரும்பாலும் ரிவ்யூ பேப்பர் எழுதும் ஒரு ஆராய்ச்சி மாணவர். எண்ட்நோட் மாதிரி ஒரு ரெஃபரன்ஸ் மென்பொருளில் நானூறு தலைப்பைச் சேர்த்து வைத்திருப்பார். முழுக் கட்டுரையையும் தேடி எடு என்று ஒரு பொத்தானை அழுத்திவிட்டுத் தூங்கப் போயிருப்பார். அவருக்கு அது ஒரு கிளிக். பப்ளிஷரின் சர்வருக்கு அது நிமிடத்துக்கு எட்டு பிடிஎஃப் இழுக்கும் ரோபோ.

பப்ளிஷருக்குப் பதில் எழுதும்போது பெயர் தேவையில்லை. அவர்கள் கேட்பது மூன்று: அது நின்றுவிட்டதா, சம்பந்தப்பட்டவரிடம் பேசினீர்களா, இறக்கியதை அழித்தாயிற்றா. 'எங்கள் பயனர் ஒருவர் மென்பொருள் மூலம் தெரியாமல் செய்தது, எச்சரித்தோம், கோப்புகள் நீக்கப்பட்டன, இனி இன்ன ஏற்பாடு செய்கிறோம்' என்று நான்கு வரி எழுதினால் திறந்துவிடுவார்கள். அப்படியே தொடர்பு முகவரியையும் மாற்றிவிடுங்கள், ஆளின் பெயரில் இல்லாமல் நூலகத்தின் பெயரில் ஒரு ஐடி.

பெயரை வெளியே அனுப்பாதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2010-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக வளாகத்து வலையிலிருந்து ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற கணினி நிரலாளர், ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தளத்தின் கட்டுரைகளை லட்சக்கணக்கில் இறக்கினார். ஒரு கட்டத்தில் ஜேஸ்டோர் எம்.ஐ.டி. மொத்தத்துக்கும் சில நாள் கதவைச் சாத்தியது. உங்களுக்கு இப்போது நடந்திருப்பதுதான், அளவு மட்டும் வேறு. ஜேஸ்டோர் அவரோடு சமரசம் செய்துகொண்டு ஒதுங்கிவிட்டது. ஆனால் அதற்குள் விஷயம் அமெரிக்க அரசு வழக்கறிஞர் கைக்குப் போய்விட்டது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2013 ஜனவரியில், அந்தப் பையன் உயிரை மாய்த்துக்கொண்டான். 26 வயது. உங்கள் ஹாஸ்டல் பையனை வைத்து அவ்வளவு தூரம் போகாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் நம் மாணவர் செய்ததை நாம்தான் கூப்பிட்டுப் பேசித் தீர்க்க வேண்டும்.

சரி, இனி எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதற்கு வருகிறேன். உங்கள் சிக்கலின் வேர் ஐபி முறை, அதாவது ஆளைப் பார்க்காமல் கல்லூரியின் ஐபி எண்ணைப் பார்த்துக் கதவைத் திறப்பது. ஒரு எண்ணுக்குப் பின்னால் மூவாயிரம் பேர் நிற்கிறார்கள். பப்ளிஷருக்கு அந்த எண்ணைத் தவிர வேறெதுவும் தெரியாது, ஆகவே ஒருவரை நிறுத்த வேண்டுமென்றால் மூவாயிரம் பேரையும் நிறுத்துகிறார். 20 சிஸ்டத்தில் பூட்டி வைத்தாலும் இது மாறாது. அங்கே உட்கார்ந்தும் ஒருவர் இதே பொத்தானை அழுத்தலாம். அதோடு அந்த 20 சிஸ்டத்துக்கு ஓடி வராதவர்கள் ஜர்னலையே மறந்துவிடுவார்கள். பயன்பாட்டுக் கணக்கு விழும், அடுத்த வருடம் 'யாரும் பார்க்காததற்கு இவ்வளவு பணமா' என்று கரஸ்பாண்டன்ட் கேட்பார்.

வழி இரண்டு உண்டு. ஒன்று, ஈஸிபிராக்ஸி மாதிரி ஒரு பிராக்ஸி. மாணவர் தன் சொந்த ஐடியில் நுழைவார், பிராக்ஸி அவருக்காகப் பப்ளிஷரிடம் போய்க் கட்டுரையை வாங்கி வரும். இத்தனை நிமிடத்தில் இத்தனை எம்பி தாண்டினால் அந்த ஒருவரை மட்டும் நிறுத்தி வை என்று அதிலேயே போடலாம். பப்ளிஷர் கவனிப்பதற்கு முன்பே நம் வீட்டுக்குள் விஷயம் முடிந்துவிடும். ஒரு சங்கடம், ஒவ்வொரு பப்ளிஷரும் தளத்தை மாற்றும்போதெல்லாம் பிராக்ஸியின் அமைப்புக் கோப்பைத் திருத்த வேண்டும். அதற்கென்று ஓர் ஆள் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மைலாஃப்ட், நிம்பஸ் என்று இங்கே பல கல்லூரிகள் வாங்குவதும் ஏறக்குறைய இந்த வேலையைத்தான் செய்கின்றன, பராமரிப்பு அவர்கள் தலையில்.

இரண்டாவது, ஷிபோலத் முறை. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் இன்ஃபெட் என்ற லாகின் கூட்டமைப்பு இதில்தான் ஓடுகிறது. மாணவர் பப்ளிஷர் தளத்தில் கல்லூரிப் பெயரைத் தேர்ந்தெடுப்பார். அது நம் லாகின் பக்கத்துக்கு அனுப்பும். பாஸ்வேர்டை நம்மிடம்தான் போடுவார், பப்ளிஷர் அதைப் பார்ப்பதே இல்லை. பப்ளிஷருக்குப் போவது, 'இவர் இந்தக் கல்லூரி மாணவர்' என்ற தகவலும் அர்த்தமில்லாத ஒரு நீண்ட குறியீடும்தான். யாராவது வரம்பு மீறினால் அந்தக் குறியீட்டைச் சொல்லி நம்மிடம் கேட்பார்கள், அந்தக் குறியீட்டை மட்டும் அடைப்பார்கள். அது யார் என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் உங்கள் பப்ளிஷரும் அந்தக் கூட்டமைப்பில் இருக்க வேண்டும், கேட்டுக்கொள்ளுங்கள்.

எதை எடுத்தாலும் வளாகத்துக்குள் பழைய ஐபி வழியை அப்படியே திறந்து வைத்திருந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் பையன் வளாகத்துக்குள் இருந்துதானே இறக்கினான்? குறைந்தது ஹாஸ்டல் வைஃபையையாவது வேறு ஐபியில் போட்டு, அதைப் பப்ளிஷரிடம் பதிவு செய்யாமல் விடுங்கள். ஹாஸ்டல் பசங்கள் பெயர் போட்டு நுழையட்டும்.

அரசுக் கல்லூரி நூலகம்:

மேடம் சொன்னதோடு ஒன்று. மத்திய அரசே ஜர்னல்களுக்குச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்த பிறகு எங்கள் மாதிரி அரசு கலைக் கல்லூரிக்கு 30 பப்ளிஷர், கிட்டத்தட்ட 13,000 ஜர்னல் 2025 ஜனவரியிலிருந்து திறந்துவிட்டது. அதுவரை இன்ஃப்ளிப்நெட் கல்லூரிகளுக்குத் தரும் என்-லிஸ்ட் தொகுப்பு மட்டும்தான். ஆனால் எங்கள் வளாகத்தில் நிலையான ஐபி கிடையாது, சாதாரண பிராட்பேண்ட். அதனால் எங்களுக்கு ஐபி முறை என்ற பேச்சுக்கே இடமில்லாமல், ஆளுக்கு ஒரு ஐடி என்று நேராக இன்ஃபெட்டுக்குப் போய்விட்டோம். முதல் மாதம் மாணவர் பட்டியலை எக்செலில் ஏற்றுவதிலேயே கழிந்தது. பாதிப் பேரின் மெயில் ஐடியில் எழுத்துப் பிழை. பிரவுசிங் சென்டரில் யாரோ உருவாக்கிக் கொடுத்த ஐடி, பாஸ்வேர்டு மாணவருக்கே தெரியாது. இதையெல்லாம் தாண்டித்தான் வந்தோம். ஒருமுறை ஒரு ஐடி அடைபட்டது, மற்ற யாருக்கும் அது தெரியக்கூட இல்லை.

சுயநிதிக் கல்லூரிகள் முதல் கட்டத்தில் அந்தத் திட்டத்தில் இல்லை என்பது வருத்தம்தான்.

கிழக்குக் காற்று:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். பொதுக் கடவுச்சொல் பற்றிக் கேட்டபடியால் இது. உலக சுகாதார நிறுவனத்தின் ஹினாரி 2002 முதல் நடக்கிறது, எங்கட நாடு போன்ற இடங்களுக்கு மருத்துவச் சஞ்சிகைகளை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ தரும் திட்டம். நாங்கள் பாவித்த காலத்தில் நிறுவனத்துக்கு ஒரே பயனர் பெயர், ஒரே கடவுச்சொல். நூலகர் அதைத் தாளில் எழுதித் தருவார். ஒரு பட்டப்பின் மாணவர் அதை நண்பருக்குக் கொடுக்க, நண்பர் எங்கேயோ இணையத்தில் போட, வேறு வேறு நாடுகளிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். கணக்கை முடக்கிப் போட்டார்கள். வார்டில் நின்றுகொண்டு மருந்து அளவு தேடிய டாக்டர்மாருக்குத்தான் நட்டம். யார் கொடுத்தது என்று கடைசிவரை பிடிக்க ஏலாமல் போயிற்று, எல்லோருக்கும் ஒரே பெயர் என்றால் யாரைப் பிடிக்கிறது?

சர்வர் ரூம்:

அது மட்டுமில்லை. நூலக லாகினைத் திருடவே தனிக் கும்பல் இருக்கிறது. 2018 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை 9 ஈரானியர்கள் மீது குற்றம் சாட்டியது. அவர்கள் கைவைத்தது அமெரிக்காவில் 144 பல்கலைக்கழகங்களில், வெளியே 21 நாடுகளில் 176-ல் என்றது. அந்த மாதிரிக் கும்பலின் வழக்கமான தூண்டில், 'உங்கள் நூலகக் கணக்கு காலாவதியாகப் போகிறது, இங்கே சொடுக்கிப் புதுப்பிக்கவும்' என்று ஒரு மெயில். திறந்தால் அசல் நூலக லாகின் பக்கம் மாதிரியே இருக்கும், முகவரியில் மட்டும் வால் வேறு. தனித்தனி ஐடி கொடுத்தால் இந்த மெயில் உங்கள் பசங்களுக்கும் வரும். நூலகம் ஒருபோதும் மெயிலில் பாஸ்வேர்டு கேட்காது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் வருட பிஎச்டி:

மாணவர் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை. மென்பொருள் அப்படிச் செய்யும் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. எங்கள் நூலக ஓரியண்டேஷனில் ஓபேக் (நூலகப் புத்தகப் பட்டியலைத் தேடும் பக்கம்) காட்டினார்கள், பை எங்கே வைப்பது என்று சொன்னார்கள், குரூப் போட்டோ எடுத்தார்கள், அவ்வளவுதான்.

அப்புறம், தனித்தனி லாகின் என்றால் எனக்கு ஒரு பயம் உண்டு. எங்கள் துறையில் ஒரு கைடு, தன் மாணவர் 'வேறு ஏரியா' பேப்பர் படிக்கிறாரா என்று நூலகத்தில் போய் லாக் கேட்டார். கொடுத்தார்களா என்று தெரியாது. ஆனால் கேட்டார் என்ற செய்தி பரவியதே போதும், பலர் நூலக லாகினைத் தொடுவதையே விட்டுவிட்டார்கள். டெலிகிராம் குரூப்பில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் பிடிஎஃப் வந்துவிடுகிறது. கட்டணக் கட்டுரைகளை அனுமதியின்றி இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்தை அடைக்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் உத்தரவு போட்ட பிறகும் பழக்கம் மாறவில்லை, இடம்தான் மாறியது. பணம் கட்டி வாங்கிய ஜர்னலை நூலகம் வழியாகப் படிப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தால் யார் வருவார்கள்?

பழைய கேட்லாக் கார்டு:

நியாயமான பயம். கேட்ட கைடை விட, அதைக் கேட்க முடியும் என்று அவருக்குத் தோன்றியதுதான் எனக்குக் கோபம். ஒருவர் எந்தப் புத்தகத்தை எடுத்தார் என்று இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பதை நாங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்தார்கள். ஆன்லைனில் வந்ததும் அது எப்படி மாறும்?

கொங்கு தம்பி, நீங்கள் ஏற்பாடு செய்யும்போது இதை எழுத்தில் வாங்கி வையுங்கள். யார், எந்த நேரத்தில், எவ்வளவு எம்பி என்பது நூலகத்துக்குப் போதும். எந்தக் கட்டுரை என்பது வேண்டாம். பிராக்ஸி லாகில் திறந்த கட்டுரையின் முழு இணைய முகவரியும் விழும், அதை எத்தனை நாளில் அழிப்பது, யார் கேட்டால் காட்டுவது என்று நூலகக் குழுவில் ஒரு தீர்மானம் போடுங்கள். துறைத் தலைவர் கேட்டாலும் கைடு கேட்டாலும் கிடையாது என்று அதில் இருக்க வேண்டும். நாக் டீமுக்குப் பயன்பாட்டுக் கணக்கு காட்ட இந்த லாக் தேவையே இல்லை. 'கவுண்டர்' என்ற பொது முறைப்படி பப்ளிஷர் தரும் பயன்பாட்டு ரிப்போர்ட்டில் எந்த ஜர்னல், எந்த மாதம், எத்தனை தடவை என்பது இருக்கும், ஒரு பெயர்கூட இருக்காது.

கொங்கு நூலகர்:

மேடம், ஜிஎம்டி என்றுதான் போட்டிருந்தது. லாகில் தேடினால் ஹாஸ்டல்தான், முழு நேர பிஎச்டி மாணவர். எண்ட்நோட் இல்லை, வேறொரு மென்பொருள், கதை அதேதான். பெயர் இல்லாமல் மெயில் போட்டோம், அடுத்த நாள் மத்தியானம் திறந்துவிட்டார்கள். பொதுப் பாஸ்வேர்டு வேண்டாம் என்பதைப் பிரின்சிபாலிடம் யாழ்ப்பாணக் கதையைச் சொல்லித்தான் ஒத்துக்கொள்ள வைத்தேன். நன்றி அண்ணை.

படித்து முடித்தவர்கள், பாலிடெக்னிக் சார், இவர்களுக்கு என்ன சொல்வது?

பழைய கேட்லாக் கார்டு:

ஒப்பந்தத்தை எடுத்து 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' என்ற பகுதியைப் படியுங்கள். மாணவர், ஆசிரியர், பணியாளரோடு, நேரில் நூலகத்துக்கு வந்து அங்குள்ள கணினியில் பார்ப்பவரும் பல ஒப்பந்தங்களில் இருப்பார். உங்களுடையதிலும் இருந்தால் பாலிடெக்னிக் சார் வருவதில் எந்தத் தப்பும் இல்லை. ஒரு சிஸ்டத்தை ஒதுக்கி, கவுன்டரில் ஐடி கார்டைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, அன்றைக்கு மட்டும் ஓடும் ஒரு விருந்தினர் லாகின் போட்டுக் கொடுங்கள். சனிக்கிழமை வந்து படிக்கும் ஒரு வாத்தியாரைத் துரத்துவதால் பப்ளிஷருக்கும் லாபமில்லை, உங்களுக்கும் இல்லை. பிரின்சிபாலுக்கு அந்தப் பகுதியை அடிக்கோடிட்டுக் காட்டுங்கள்.

படித்து முடித்தவர்களுக்கு வீட்டிலிருந்து ஆக்ஸஸ் பெரும்பாலும் கிடையாது. நேரில் வந்தால் அதே விருந்தினர் சிஸ்டம். அவர்கள் ஐடியை மூடுவதற்குத் தனியாக எதுவும் ஏற்பாடு செய்ய வேண்டாம், நோ டியூ படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போடும் அன்றே மூடுங்கள். மாணவர் உங்கள் மேஜைக்கு வந்தே தீர வேண்டிய நாள் அது ஒன்றுதான். பாதியில் நின்றவர்கள், ராஜினாமா செய்த ஆசிரியர்கள்தான் விட்டுப்போவார்கள். அவர்களுக்கு மாதம் ஒருமுறை ஆபீஸில் பட்டியல் வாங்குங்கள்.

நேரில் வருபவர் பற்றி உங்கள் ஒப்பந்தத்தில் ஒன்றுமே இல்லை என்றால், ரினியூவலுக்கு முன்னால் ஏஜெண்டிடம் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். செக் போன பிறகு கேட்டால் போனை எடுக்க மாட்டார்.